மலை ஏறிய தலை

ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கும்போதே எனக்குத் தூக்கம் போய்விடும். திருத்தணியில் மற்றவர்களுக்கு அது திருவிழா. எனக்கு அது ஐந்து நாள் கவலை. நான் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். ஒயர் ஈரத்தில் கிடக்குமோ, கட்டிய ஸ்பீக்கர் காவடி எடுப்பவர் தலையில் விழுமோ, ஆம்ப்ளிஃபயர் புகைந்து கூட்டம் நெரிசலாகுமோ என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து முடிக்கவே எனக்கு ஐந்து நாள் போதாது.

இது இன்று நேற்று வந்ததல்ல. ஒன்பதாவது முழுப்பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்கே போகாதவன் நான். எழுதாத பரீட்சையில் யாரும் தோற்க முடியாது என்பது அந்த வயதில் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு. அதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன்.

அடிவாரத்துக் காலி மைதானத்தில் வருஷா வருஷம் பொருட்காட்சி போடுவார்கள். ராட்டினம், மரணக்கிணறு, மேஜிக், வளையம் எறிகிற கடை, டெல்லி அப்பளம். அத்தனைக்கும் மைக்செட் என்னுடையது. டிக்கெட் வாங்கி முன்பக்கமாக நுழைகிறவர்களுக்கு அங்கே இருப்பவர்கள் எல்லாம் அசகாய சூரர்கள். மைக் பொருத்தப் பின்பக்கமாக நுழைகிறவனுக்குத் தெரிவது வேறு. நெருப்பை விழுங்குகிற பெரியவர் டீயை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, உதட்டில் தொட்டுப் பார்த்து, இன்னும் சூடு என்று கீழே வைத்துவிடுவார். பூட்டிய பெட்டியிலிருந்து மூன்று எண்ணுவதற்குள் வெளியே வருகிற மேஜிக்காரர், சூட்கேஸ் சாவியைக் காணோம் என்று என்னிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்பார். ஒரு காலத்தில் மரணக்கிணற்றின் சுவரில் இரண்டு கையையும் விட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் இப்போது அங்கேயே டிக்கெட் கிழிக்கிறார். டீக்கடைக்குப் போக ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். "லாரி வருதா பாரு நைனா" என்பார். ரோடு காலியாக இருக்கும்.

இவர்களோடு பழகிய பிறகு என் பயத்தைப் பற்றி எனக்கிருந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது. அவர்களும் என்னைப் போலத்தான் பயந்தார்கள். ஆனால் அதை எங்கே காட்டக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

இவர்களில் எனக்கு ரொம்பவும் நெருக்கம் தலைக் கடைக்காரர்கள். புருஷன் பெண்சாதி இரண்டு பேர். ஆந்திரா பக்கத்திலிருந்து லாரியில் வருவார்கள். ஒரு கூடாரம், அதற்குள் ஒரு மேஜை, மேஜை மேல் பித்தளைத் தட்டு, தட்டில் ஒரு பெண்ணின் தலை. அந்தத் தலை கண் சிமிட்டும், பேசும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். மேஜைக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. இதற்குப் பின்னால் இருக்கிற வித்தை ஊரில் பாதிப்பேருக்குத் தெரியும். மேஜைக்கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைச் சாய்வாக நிறுத்தியிருப்பார்கள். பக்கவாட்டுத் துணி அதில் தெரியும்; பார்க்கிறவர்கள் அதைப் பின்பக்கத்துத் துணி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் குட்டை ஸ்டூலில் அக்கா முட்டியை மடக்கி உட்கார்ந்து, மேஜையிலும் தட்டிலும் உள்ள ஓட்டை வழியாகத் தலையை நீட்டியிருப்பாள். கழுத்துக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கை மறைக்க அவள் முடி. இடுப்புக்குக் கீழே வரும் முடி அது. தட்டு முழுக்கப் பரப்பிவிட்டால் போதும்.

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா புருஷன் தெலுங்கில் பாவாதானே. பாவா வாசலில் மைக் பிடித்துக் கூப்பிடுவார், உள்ளே வந்து தலையிடம் கேள்வி கேட்பார், மேஜைக்கு முன்னால் கட்டிய கயிற்றைத் தாண்டி வருகிறவர்களை அதட்டுவார். கயிற்றைத் தாண்டினால் கண்ணாடியில் தங்கள் காலே தெரிந்துவிடும்.

"இந்தக் காலத்துல இத யாரு பாவா நம்புறாங்க" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்புறவன் மூஞ்சப் பாப்பான். நம்பாதவன் மேஜைக்கு அடியில குனிஞ்சி பாப்பான். ரெண்டு பேரும் டிக்கெட் வாங்கினாத்தானே உள்ள வருவான்" என்றார்.

பாவாவிடம் ஒரு சட்டம் உண்டு. கூடாரம் போட்ட நாளிலிருந்து பிரிக்கிற நாள் வரை அக்கா ஊருக்குள் நடக்கக் கூடாது. கடைத்தெருவில் ஒருத்தன் அவளைக் காலோடு பார்த்துவிட்டால் அப்புறம் தட்டில் இருக்கிற தலையை யார் பார்ப்பார்கள் என்பது அவர் கேள்வி. அதனால் லாரிக்கும் கூடாரத்துக்கும் நடுவே துணி மறைப்பு கட்டி, அந்த இருபது அடிக்குள்தான் அக்காவின் திருத்தணி இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வந்து போகிறாள். ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. "முருகன் மேல இருக்கார், நான் கீழ தட்டுல இருக்கேன். ரெண்டு பேரையும் ஜனம் வரிசையில நின்னு பாக்குது" என்று சிரிப்பாள்.

சிரிப்பு நின்றது அவள் மகன் விழுந்த பிறகு. அவன் மரணக்கிணற்றில் ஓட்டிக்கொண்டிருந்தான். வேறு ஊரில், வேறு பொருட்காட்சியில், சக்கரம் சறுக்கி மேலிருந்து விழுந்தான். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது, நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அக்கா வேண்டிக்கொண்டாள்: பிள்ளை எழுந்து நடந்தால், ஆடிக் கிருத்திகை அன்றைக்கு என் காலால் படி ஏறி வருகிறேன் என்று. பிள்ளை நடந்தான். கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் நடந்தான். இப்போது புத்தூரில் மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான்.

ஆனால் வேண்டுதல் அப்படியே நின்றது. வருஷத்திலேயே கூட்டம் மொய்க்கிற நாள் கிருத்திகைதான். ஒவ்வொரு வருஷமும் பாவா, அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். இந்த வருஷம் அக்கா கூடாரம் போட்ட அன்றே பேச்சை எடுத்தாள். நான் பின்பக்கம் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"முட்டி ரெண்டும் போயிடுச்சி. உக்காந்தா எழுந்துக்க முடியல. இப்ப ஏறலன்னா எப்பவும் ஏற மாட்டேன்."

"சரி, ஏறு. கிருத்திகை முடிஞ்சி ஏறு. முருகன் இன்னா லீவுலயா போறாரு?"

"வேண்டிக்கினது கிருத்திகைக்கு."

"அன்னிக்கு தட்டுல யார வெக்கறது? சொரக்காயா?"

"நீ உக்காரு."

"நான் உக்காந்தா கேள்வி யாரு கேக்கறது?"

அங்கே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு அப்படிப்பட்ட அமைதி ஆகாது. யாரும் பேசாவிட்டால் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள் என்று தோன்றும். இந்த முறை அது சரியாகவே இருந்தது. துணியை விலக்கி இரண்டு பேரும் என் கழுத்துக்கு மேலே பார்த்தார்கள்.

கிருத்திகை அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா காலையிலேயே கிளம்பிவிட்டிருந்தாள். மஞ்சள் புடவை கட்டி, முக்காடு போட்டிருந்தாள். என் மனைவி துணைக்குப் போனாள். அன்று ஊரில் பாதிப் பெண்கள் மஞ்சள் புடவைதான். மத்தியானம் வரை கடையைத் திறக்காமல் தள்ளலாம், நாலு மணிக்குள் வந்துவிட வேண்டும், இடையில் இரண்டு மணி நேரம் நான் தலையாக இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. பாவா என் முகத்தில் மஞ்சளை அப்பி, பெரிய மீசை வரைந்து, கழுத்து இடுக்கில் கருப்புத் துணியைச் சுற்றினார்.

"மூஞ்சிய எப்பவும் போல வெச்சிக்கோ. அது போதும்" என்றார்.

முதல் கூட்டம் உள்ளே வந்தது. பாவா கேட்டார்: "யாரப்பா நீ?"

"நான்... சாபம் வாங்கினவன்" என்றேன். சொல்லிக் கொடுத்தது அதுதான்.

"இன்னா தப்பு பண்ணே?"

"பெத்தவங்க பேச்சக் கேக்கல."

இத்தோடு முடிய வேண்டும். பாவாவுக்கு அன்று என்ன தோன்றியதோ, ஒரு கேள்வியைச் சேர்த்தார். "படிக்கச் சொன்னாங்களே, படிச்சியா?"

இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. "இல்ல. பரீட்சைக்குப் பயந்துகினு ஓடிட்டேன்" என்றேன். அது மட்டும் நிஜம்.

கூட்டத்திலிருந்த தாய்மார்கள் சொல்லி வைத்தது போல் அவரவர் பிள்ளையின் தலையில் கை வைத்தார்கள். "பாத்தியா, ஒழுங்கா படிக்கலன்னா இப்படித்தான்" என்றாள் ஒருத்தி. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. படிப்பைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது கூட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"ஏய், நம்ம மைக்செட்டுக்காரர் ஜாடையா இல்ல?"

"ச்சே, அவருக்கு ஒடம்பு இருக்குதே."

"மூஞ்சி அதே மாரிதான் கீது. பேய் அறைஞ்சாப்ல."

"அவரு இவ்ளோ தெளிவா பேச மாட்டாரு."

அவர்கள் போனார்கள். மூக்கு அரித்தது. கை இருக்கிறது, ஆனால் மேஜைக்குக் கீழே இருக்கிறது. கையைத் தூக்கினால் பாவாவின் முப்பது வருஷத் தொழில் போச்சு. கால் மரத்துப்போனது. கண்ணாடி சரிந்தால் என்ன ஆகும், கரண்ட் போனால் என்ன ஆகும், கூடாரம் தீப்பிடித்தால் இந்த ஓட்டையிலிருந்து தலையை எந்தப் பக்கமாக எடுக்க வேண்டும் என்று வரிசையாக யோசித்தேன். நாலு மணி ஆனது. அக்கா வரவில்லை.

நாலரை. மலைமேல் ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களைப் பற்றி அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் புடவை கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் வந்தது. ஒவ்வொன்றும் அக்காதான் என்று எனக்குத் தோன்றியது. மயங்கி விழுந்திருப்பாள். இல்லாவிட்டால் யாராவது அடையாளம் கண்டு, தலைக்குக் கால் முளைத்துவிட்டது என்று கூட்டம் கூடியிருக்கும். செல்போனில் படம் எடுத்து ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வரை அனுப்பியிருப்பார்கள். பாவா வெளியே கூவிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் குரலிலும் பிசிறு தட்டியதை ஸ்பீக்கர் காட்டிக்கொடுத்தது. என் ஸ்பீக்கர் அப்படி. எதையும் மறைக்காது.

ஐந்தரைக்கு, ஒரு கூட்டம் வெளியேறி நான் ஓட்டையிலிருந்து தலையை எடுத்திருந்தபோது, பின்துணி விலகியது. என் மனைவி முதலில் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. பின்னால் அக்கா வந்தாள். முக்காடு இல்லை. முக்காடு போட்டாலும் உள்ளே மறைக்க முடி இல்லை. மொட்டை. சந்தனம் பூசி, மாலை நேர வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது.

பாவா வாசலை மூடிவிட்டு உள்ளே ஓடி வந்தார். அவர் அணைக்க மறந்த மைக்கை நான்தான் எட்டி அணைத்தேன்.

"முடி எங்கடி?"

"கொடுத்துட்டேன்."

"ஏறி வரேன்னுதானே வேண்டிக்கின?"

"ஏறி வந்து முடி தரேன்னு வேண்டிக்கினேன். முழுசா சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

"இப்ப தட்டுல இன்னாத்த பரப்பறது? என் தலையில கீற நாலு முடியையா?"

அக்கா லாரியின் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பது சரி. என் மனைவிதான் நடந்ததைச் சொன்னாள். முதல் நூறு படி வரை அக்கா முக்காட்டை இழுத்து இழுத்துப் பிடித்திருக்கிறாள். யாரோ உற்றுப் பார்ப்பது போல் இருந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருக்கிறாள். பிறகு வியர்வை தாங்காமல் முக்காட்டை எடுத்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. இன்னும் நூறு படி ஏறினாள். யாரும் பார்க்கவில்லை. மோர் விற்கிற ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா தானாகவே அவளிடம் கேட்டாளாம், "என்னிய எங்கனா பாத்தாப்ல இருக்குதாம்மா?" என்று. அவள் நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லியேம்மா. எந்த ஊரு?" என்றாளாம். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறாள். அதில் ஒருத்தி போன வருஷம் தலைக் கடைக்கு வந்துபோனதை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தலை பாவம் ரொம்ப சிவப்பு என்றாளாம், பவுடர் பூசாத அக்காவின் முகத்தைப் பார்த்தே.

பாவாவின் இருபது வருஷத்துச் சட்டம் அங்கே லாரிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அடையாளம் தெரிந்துவிடுமோ என்று பயந்து ஏறினவள், தெரியவில்லையே என்று மனம் நொந்து இறங்கியிருக்கிறாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நாம் பயந்தது நடக்காமல் போனாலும் ஒரு ஏமாற்றம் வரத்தான் செய்யும்.

வெளியே கூட்டம் துணியைத் தட்ட ஆரம்பித்தது. சாயங்காலக் கூட்டம். பாவா ஒரு நிமிஷம் அக்காவின் மொட்டையைப் பார்த்தார். அவள் கழுத்தில் கோயில் மாலை இருந்தது. அதைக் கழற்றி, தட்டில் வட்டமாக வைத்துப் பார்த்தார். கழுத்து இடுக்கு மறைந்தது.

"உக்காரு" என்றார்.

"முட்டி மடங்காது."

"இன்னிக்கு மட்டும்."

நானும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அக்காவை ஸ்டூலில் இறக்கினோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் தலைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டுச் சுவிட்சருகே நின்றேன். கூட்டம் உள்ளே வந்தது, மாலைக்கு நடுவே சந்தன மொட்டையோடு தலை இருப்பதைப் பார்த்தது, பேச்சு நின்றது. இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று கவலை.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் கேட்டான். "இன்னா மாஸ்டர், போன வருஷம் முடி இருந்திச்சே. வெறும் தலை எப்படி மேல போயி மொட்டை போட்டுக்கினு வந்திச்சி?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எல்லாக் கேள்வியும் வரும் என்றுதான் எனக்கு எப்போதும் தெரியும். பதில்தான் தெரியாது. பாவா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"தட்டோட தூக்கினு போனேன். மலை ஏற கால் எதுக்கு? தூக்கறதுக்கு ஆள் இருந்தா போதும்."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ஓரிரண்டு பேர் பாவாவை மரியாதையோடு பார்த்தார்கள். தட்டிலிருந்து அக்காவின் கண் மட்டும் அவர் பக்கம் ஒருமுறை திரும்பியது. அவள் ஏறிய முந்நூற்று அறுபத்தைந்து படியையும் அவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிறகு வழக்கமான கேள்விகள். யார் நீ, என்ன சாபம், எத்தனை வருஷம். எல்லாவற்றுக்கும் அக்கா சரியாகப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "உனக்கு இப்ப இன்னா கொறை தாயி?" அதற்கு, ஒரு கொறையும் இல்லை, உங்களைப் பார்த்தது போதும் என்று தலை சொல்லும். கூட்டம் கைதட்டிக் கலையும்.

பாவா கேட்டார். "உனக்கு இப்ப இன்னா கொறை தாயி?"

"காலு வலிக்குதுய்யா" என்றாள் அக்கா.

வாய் தவறி வந்தது. காலையிலிருந்து உள்ளே இருந்த வலி, கேட்டவுடன் வெளியே வந்துவிட்டது. அதை என் ஸ்பீக்கர் மைதானத்தின் கடைசி வரை கொண்டுபோனது. பாவா வாயைத் திறந்தபடி நின்றார். அத்தனை வருஷத்தில் அவருக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அப்போதுதான். கூட்டத்தில் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான். இன்னொருத்தன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். என் கை சுவிட்சின் மேல் இருந்தது. அணைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "சிரிக்காதீங்கய்யா. நெஜந்தான் அது."

பேசியவருக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி என்று பிறகு தெரிந்தது. அக்குளில் கட்டை வைத்து நின்றார். வேட்டிக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது. "சர்க்கரைக்கு முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. எடுத்து வருஷம் ஆவுது. இன்னும் பாதம் எரியுது. இல்லாத விரலு அரிக்குது. பொண்டாட்டிகிட்ட சொன்னா பைத்தியம்ன்றா. இந்தம்மா சொல்றது எனக்குத் தெரியும்."

சிரித்தவன் நிறுத்திக்கொண்டான். குனிந்தவன் நிமிர்ந்தான். ஒரு கிழவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பாவா, கோடையில் தண்ணீர் கிடைத்தவர் போல, "கேட்டுக்கங்க" என்று மட்டும் சொன்னார். கூட்டம் சத்தமில்லாமல் வெளியே போனது. நான் மைக்கை அணைத்தேன்.

அந்த விவசாயி மட்டும் போகவில்லை. கட்டையை ஊன்றிக் கயிறு வரைக்கும் வந்தார். தட்டில் இருந்த அக்காவின் முகத்துக்கு நேராக நின்று, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"வலிச்சா இன்னா போடறேம்மா?"

பாவா, "அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கணும் பெரியவரே" என்றார்.

"ஒரு நிமிஷம்ப்பா. கேட்டுக்கினு போயிடறேன்."

அக்கா அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. துடைக்கக் கை வரவில்லை. வரக் கூடாது. பிறகு தட்டில் இருந்த தலை மெல்லக் கீழே இறங்கி மறைந்தது. மாலை மட்டும் வட்டமாகக் கிடந்தது. மேஜைக்குப் பின்னால் முனகல் கேட்டது, ஸ்டூல் சாய்கிற சத்தம் கேட்டது. துணியைப் பிடித்துக்கொண்டு அக்கா முழுசாக எழுந்து வந்தாள். வெறுங்காலோடு, கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவர் முன்னால் நின்றாள். பாவா ஓடிப்போய் வாசல் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

"எனக்கு காலு இருக்குதுண்ணா" என்றாள் அக்கா. "படி ஏறினதால வலிக்குது. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் அவள் காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. பாதத்தில் படியின் தூசி இன்னும் போகவில்லை.

"தெரியும்மா" என்றார். "கட்டை வெச்சி நடக்கறவன் தரையப் பாத்துதானே வரணும். உள்ள வரும்போதே கண்ணாடி ஓரம் தெரிஞ்சிச்சி."

"அப்ப எதுக்கு நெஜம்னு சொன்னீங்க?"

"வலிக்குதுன்னியே, அது பொய்யா?"

"இல்லண்ணா."

"அதான். இன்னா தைலம் போடறேன்னு கேட்டேன்."

அக்கா லாரிக்குள் போய், பாதி தீர்ந்த பாட்டிலை எடுத்து வந்தாள். எத்தனை வேளை, சுடுதண்ணி ஒத்தடம் முன்னாலா பின்னாலா என்று அவர் கேட்டார். அவளும் சொன்னாள். எங்கே தேய்க்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இல்லாத இடத்தில் எப்படித் தேய்ப்பது, எண்ணெய் பட்டுக் கட்டை வழுக்கினால் என்ன செய்வார், கே.ஜி.கண்டிகையில் இறங்கி பஸ் மாறும்போது பாட்டில் உடைந்தால் என்ன செய்வார் என்று எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவர் பாட்டிலை மடியில் முடிந்துகொண்டு கட்டையை ஊன்றினார். வாசலில் பாவா துணியை அவருக்காக விலக்கிப் பிடித்தார். வெளியே வரிசையில் நின்றவர்களில் ஒருத்தன் அவரிடம், "எப்படி பெரியவரே, பாக்கலாமா?" என்று கேட்டான்.

"பாரு, பாரு" என்றார் அவர். "ஆனா சீக்கிரம் பாத்துட்டு வெளிய வந்துடு. அந்தம்மா ரொம்ப நேரம் உக்கார முடியாது."